இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இரங்கல் கூட்டம்

ஹலோ... ஆமாடா தம்பி, அக்காதான்... காப்பகத்துலதான், வேற எங்க? பூனைக் கொட்டகைக்கு வெளியே நிக்கறேன்... ஆமா, ஆமா, புதைச்சாச்சு. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி...

என்னது, இரங்கல் கூட்டமா? இன்ஸ்பெக்டரம்மாவுக்கா?... டேய், அவ பூனைடா!... சரி சரி, நீ காப்பகத்துக்குத் தலைவர். நடத்து...

போட்டோவா? இருக்கு, ஒண்ணே ஒண்ணு... அதுல வால் மட்டும்தான் தெரியும்... நான் என்ன பண்ண? நான் டாக்டர்தானே, போட்டோகிராபரா? கேமராவைப் பாத்ததும் கூரைக்குத் தாவிட்டா...

உன் மடியில உக்காந்திருக்கற மாதிரியா?... உன் மடியில?... சிரிக்கலடா, இருமல்... திறப்பு விழாவுல அவளைத் தூக்கப் போனியே, மறந்துட்டியா? அன்னிக்கு உன் மூஞ்சிக்கு மருந்து போட்டவ நான்...

யாரு, அந்த வெள்ளைப் பூனையா? அதை வெச்சுப் படம் எடுத்து... ஐயோ, இவ கறுப்புடா!... யாருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்!

இல்ல... இல்லன்னா இல்ல... முதல்ல கேளு. கருத்தடை பண்ணப்ப அடையாளத்துக்கு அவ காது நுனியை வெட்டினேன். அதுக்கே கடைசி வரைக்கும் என்னை மன்னிக்கல. தெருவுல பொறந்து வளந்தவ, ஒருத்தரையும் தொட விடல. செத்தப்புறம் உன் மடியில உக்காரணுமா? ரொம்ப நல்லா இருக்குடா!

ம்... ம்... பேப்பர்காரங்க வரட்டுமே. நான் சொல்ற மாதிரி நடத்து. நாம முதுகைத் திருப்பினாத்தானே அவ தட்டுல வாய் வைப்பா? இங்க எல்லாரும் அப்படித்தான் நிப்போம். கூட்டத்துலயும் ஒரு தட்டை வெச்சுட்டு, எல்லாரும் திரும்பி நில்லுங்க... ஆமா, நீயும்தான்... பேப்பர்ல உன் முதுகு வந்தா வரட்டும். மூஞ்சிக்கு அது எவ்வளவோ தேவலை...

சரி, கோவிச்சுக்காத... என்ன? இல்லயே, நான் அழல... சரி, அழறேன். இப்ப என்னங்கற?...

ஒண்ணுமில்லடா... அவளைப் புதைச்சுட்டுக் கை கழுவிட்டு வந்தேனா, பழக்கதோஷத்துல தட்டுல சாப்பாட்டை வெச்சுட்டேன்... ஆமா, அவ தட்டுலதான்... வெச்சுட்டு, வழக்கம்போலத் திரும்பி நின்னேன்...

ம்... இல்ல, தட்டை எடுக்கல... திரும்பிப் பாக்கத் தைரியம் வரலடா. இன்னும் அப்படியேதான் நிக்கறேன்... ம்... நீ சத்தம் போடாம போனை வை.