நாலு மீட்டர் நகர்ந்த வயல்

விவசாயி: ...அட, எழுதிக்கோங்க மேடம். இந்த நாற்காலியில உக்காந்து நான் சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். ஒரு எழுத்து பொய்யா இருந்தா, அடுத்த போகம் என் வயல்ல களையைத் தவிர வேற எதுவும் முளைக்க வேணாம்.

மனைவி: போன போகமும் அதானே முளைச்சுது.

விவசாயி: நீ டீ போடப் போறேன்னு சொன்னியே?

மனைவி: தண்ணி கொதிக்கட்டும். நீங்க சத்தியம் பண்ற அழகைக் கொஞ்சம் பாத்துட்டுப் போறேன்.

ஆலோசகர்: ஐயா, சத்தியமெல்லாம் எதுக்கு? நான் தகவல் மையத்துல இருந்து வந்திருக்கேன், கோர்ட்டுல இருந்து இல்ல. உங்க வயல் அனுப்புற தகவலை உங்களுக்கே புரிய வைக்கிறதுதான் என் வேலை. ஆனா இந்தத் தடவை... சிலது எனக்கே புரியலை. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு.

விவசாயி: கேளுங்க. பதினாலு மாசமா நாள் தவறாம தகவல் அனுப்புற ஒரே விவசாயி நான்தான்னு நீங்களே மேடையில சொன்னீங்க. கை தட்டினாங்க. இவளும் தட்டினா.

மனைவி: பக்கத்துல இருந்தவங்க தட்டினாங்க, நானும் தட்டினேன்.

ஆலோசகர்: சரி, முதல் கேள்வி. மண் ஈரம் பாக்க ஆறு கம்பி குடுத்தோம். வயலோட நாலு மூலைக்கு நாலு, நடுவுல ரெண்டு. ஆறும் ஒரே ஈரத்தைக் காட்டுது. ஒரே நிமிஷத்துல ஏறுது, ஒரே நிமிஷத்துல இறங்குது. மேட்டுல இருக்கிற மண்ணும் பள்ளத்துல இருக்கிற மண்ணும் எப்படிங்கய்யா...

விவசாயி: பாரபட்சம் பாக்காத மண்ணு மேடம். எங்கப்பா காலத்துல இருந்தே அப்படித்தான். ஒரு மூலைக்குத் தாகம் எடுத்தா மத்த மூலை காத்திருக்கும்.

மனைவி: மாமனார் காலத்துல அது கல்லாங்குத்து.

விவசாயி: கல்லுக்குள்ளயும் நியாயம் இருந்துச்சு.

ஆலோசகர்: ம்... எழுதிக்கிறேன். அடுத்தது. போன மழைக்காலத்துல மூணு நாள் விடாம கொட்டுச்சே, வாய்க்கால் உடைஞ்சு ரோடெல்லாம் தண்ணி... உங்க வயல்ல மட்டும் ஒரு சொட்டு ஏறலை.

விவசாயி: அதை நான் கண்ணால பாத்தேன். மழை என் வரப்பு வரைக்கும் வந்துச்சு. நின்னுச்சு. உள்ள ஒரு எட்டு எட்டிப் பாத்துச்சு. "இங்க ஈரம் போதும்"னு திரும்பிப் போயிடுச்சு.

ஆலோசகர்: மழை.

விவசாயி: மழைதான். பக்கத்து வயல்காரன் கோவிச்சுக்கிட்டான். என் பங்கும் சேத்து அவன் வயல்ல பெஞ்சுட்டுதாம்.

மனைவி: டீ கொதிச்சிருக்கும். நான் போறேன். இதுக்கு மேல கேட்டா எனக்கே நம்பத் தோணிடும்.

ஆலோசகர்: அப்புறம் அந்த இலைக் கேமரா. பயிர் எவ்வளவு பச்சையா இருக்குன்னு பாக்கும்னு குடுத்தோமே. அது தினமும் ராத்திரி எட்டரையில இருந்து ஒன்பது வரைக்கும் நீல வெளிச்சம் பதிவு பண்ணுது. நடுவுல மூணு தடவை பளிச்சுனு...

விவசாயி: மின்மினி.

ஆலோசகர்: நீலமாவா?

விவசாயி: எங்க பக்கத்து மின்மினி நீலம்தான் மேடம். எட்டரைக்கு வரும். அரை மணி நேரம் இருக்கும். போயிடும்.

மனைவி: ஞாயித்துக்கிழமை வராதே? சீரியல் இல்லாத நாள்ல மின்மினிக்கும் லீவு.

விவசாயி: நீ அங்க இருந்து எப்படிக் கேக்குற? அடுப்பைப் பாரு!

ஆலோசகர்: ஆமா, ஞாயித்துக்கிழமை பதிவு இல்ல... சரி விடுங்க. இதைச் சொல்லுங்க. மூணு மாசம் முன்னாடி ஒரு வியாழக்கிழமை. காலைல ஒன்பதரைக்கு உங்க வயல் நாலு மீட்டர் கிழக்கால நகர்ந்திருக்கு.

விவசாயி: ஆமா.

ஆலோசகர்: ஆமாவா?

விவசாயி: நகர்ந்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பழைய இடத்துக்கே திரும்பிடுச்சு. பாத்திருப்பீங்களே?

ஆலோசகர்: பாத்தேன். அதான் கேக்குறேன்.

விவசாயி: சின்ன நிலநடுக்கம் மேடம். ஆனா மரியாதையான நிலநடுக்கம். எடுத்த பொருளை எடுத்த இடத்துல வச்சுட்டுப் போற சாதி. ஒரு செடி சாயலை. வரப்புல வச்சிருந்த என் செருப்பு கூட ஜோடி மாறலை.

மனைவி: இந்தாங்க டீ. அந்த வியாழக்கிழமை நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்குத்தான் இந்த ரூமுக்கு வெள்ளையடிச்சோம்.

விவசாயி: நிலநடுக்கத்துல சுவர் கீறல் விட்டுச்சுல்ல, அதுக்கு!

ஆலோசகர்: காலைல ஒன்பதரைக்கு நடுக்கம், அன்னைக்கே வெள்ளையடிப்பா?

விவசாயி: எங்க கொத்தனார் சுறுசுறுப்பு.

ஆலோசகர்: டீ நல்லா இருக்கும்மா... ஐயா, அந்த மூலையில டிவி பக்கத்துல துணி போத்தி இருக்கே, அது என்ன?

விவசாயி: எது? அதுவா... தையல் மெஷின்.

மனைவி: நம்ம வீட்டுல ஏதுங்க தையல் மெஷின்?

விவசாயி: வாங்கலாம்னு இருக்கேன். அதுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்.

ஆலோசகர்: துணிக்கு மேல ஒரு இலை நீட்டிக்கிட்டு இருக்கு.

விவசாயி: துணியில பூ வேலை மேடம். தத்ரூபமா போட்டிருக்கான்.

ஆலோசகர்: ஓ... சரி. போதும்மா, பாதி டீயோட நிறுத்திக்கிறேன். வயிறு நிறைஞ்சுடுச்சு.

மனைவி: குடுங்க டம்ளரை. மணி என்ன, நாலேகாலா... இப்படிப் பாதிப் பாதி மிச்சம் வைக்கிறீங்க, இதை எங்க கொண்டு போய் ஊத்துறது...

விவசாயி: ஏய், ஏய், அங்க ஊத்தாத! இன்னைக்கு வேணாம்!

மனைவி: தினமும் அங்கதானே ஊத்துறேன்? இன்னைக்கு என்ன புதுசா...

விவசாயி: போச்சு.

ஆலோசகர்: இருங்க, என் டேப்லெட் சத்தம் போடுது. அடடே. உங்க வயல்ல இப்பத்தான் ஈரம் ஏறியிருக்கு. ஆறு கம்பியிலயும். நாலு மணி பதினாறு நிமிஷம்.

விவசாயி: ...பாத்தீங்களா மேடம்? என் மண்ணுக்கு அது டீ நேரம்.

ஆலோசகர்: பாத்தேன். கண்ணாலயே பாத்தேன். சரிங்கய்யா, எல்லாத்தையும் நீங்க சொன்னபடியே எழுதிட்டேன். கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து. "இந்தத் தகவல் அனைத்தும் என் வயலுடையதே, உண்மையானதே." அவ்வளவுதான்.

விவசாயி: போட்டோ எடுப்பீங்களா?

ஆலோசகர்: எடுப்போம்.

விவசாயி: போன தடவை மாதிரி பக்கவாட்டுல எடுக்காதீங்க. மூக்கு மட்டும்தான் விழுந்துச்சு. பேனா குடுங்க.

மனைவி: என்னன்னு படிச்சுட்டுப் போடுங்களேன்.

விவசாயி: படிக்க என்ன இருக்கு? நான் சொன்னதைத்தானே எழுதியிருக்காங்க.

ஆலோசகர்: அம்மா சொல்றது சரி. படிச்சுடறேன். "மேற்படி வயலில் ஒரு நாளைக்கு அரை டம்ளர் அளவு நீரிலேயே பயிர் நூற்றுக்கு நூறு பச்சையாக இருப்பது பதினான்கு மாதத் தகவலால் உறுதியாகிறது. ஆகவே இந்த வாய்க்காலில் உள்ள நாற்பது வயல்களுக்கும் வரும் திங்கள்கிழமை முதல் தண்ணீர் பாதியாகக் குறைக்கப்படுகிறது."

விவசாயி: இந்தாங்க, உங்க பேனா.

ஆலோசகர்: ஐயா? இங்க போடணும். புள்ளி வச்சிருக்கேன் பாருங்க.

விவசாயி: பாதியா?

ஆலோசகர்: பாதி.

விவசாயி: நாற்பது வயலுக்குமா? என்னுதும் சேத்தா?

ஆலோசகர்: உங்களுதுதானே உதாரணமே! உங்களுக்கு அதுவும் அதிகம்னுதான் எங்க பெரிய இன்ஜினியர் நினைக்கிறாரு.

விவசாயி: மேடம், அங்க மக்காச்சோளம் ஆள் உயரம் நிக்குது. கதிர் பிடிக்கிற நேரம். அஞ்சு நாளைக்கு ஒரு முறை தண்ணி கண்டிப்பா வேணும். பாதியாக்கினா பத்து நாள்ல சருகு.

ஆலோசகர்: தகவல் அப்படிச் சொல்லலையே. உங்க மண்ணு நியாயமான மண்ணு. மழையே "போதும்"னு திரும்பிப் போகுது.

விவசாயி: நான் சொன்னது... ஒரு பேச்சுக்கு...

ஆலோசகர்: சத்தியம் பண்ணீங்க.

மனைவி: களை முளைக்கும்னீங்க. இனிமே அதுவும் முளைக்காது.

விவசாயி: நீ கொஞ்சம் சும்மா இரு... மேடம், வந்து... அந்தத் தையல் மெஷின் இருக்குல்ல.

ஆலோசகர்: இருக்கு.

விவசாயி: அதை எடுத்துக் காட்டறேன். கோவிச்சுக்கக் கூடாது. இந்தாங்க.

ஆலோசகர்: பூந்தொட்டி. அதுல ஆறு கம்பி. பக்கத்துல கேமரா.

விவசாயி: முள்ளம்பன்னி மாதிரி இருக்கும். பழகிடும்.

ஆலோசகர்: ஏங்கய்யா... ஏன்?

விவசாயி: நீங்கதானே வகுப்புல சொன்னீங்க? "உங்க தகவல் உங்க சொத்து. பத்திரமா வச்சுக்கணும். கண்டவன் கையில போகக் கூடாது." வயல்னா நாலு பேர் நடக்குற இடம். சொத்தை யாராவது வரப்புல போட்டு வைப்பானா? வீட்டுல வச்சேன். கம்பிக்கு மண்ணு வேணும்னீங்க. வீட்டுல இருக்கிற மண்ணு இது ஒண்ணுதான்.

ஆலோசகர்: எனக்குத் தெரியும்.

விவசாயி: எது?

ஆலோசகர்: முதல் நாள்ல இருந்தே. வரைபடத்துல உங்க ஆறு புள்ளியும் உங்க வீட்டு ஓட்டு மேல உக்காந்திருந்துச்சு. நான்தான் ஒவ்வொண்ணா விரலால இழுத்து வயலுக்குள்ள விட்டேன்.

மனைவி: அடிப்பாவி!

ஆலோசகர்: என்னம்மா செய்ய? நாற்பது பேருக்குக் குடுத்தோம். ஒருத்தர் கம்பியில கொடி கட்டித் துணி காயப்போட்டாரு. ஒருத்தர் பெட்டியையே பிரிக்கலை. ஒழுங்கா தகவல் வந்தது இந்த ஒரு தொட்டியில இருந்துதான். அதுவும் இல்லைன்னா என் மையத்தையே மூடியிருப்பாங்க. மேடையில ஒருத்தரையாவது நிக்க வைக்கணும்ல?

விவசாயி: அப்ப என்னை மேடை ஏத்தினது...

ஆலோசகர்: தொட்டியைத் தூக்கிட்டு வர முடியலை. அதான் உங்களை.

விவசாயி: நல்லா இருக்கு. இவ்வளவு நேரம் நான் சொன்னதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே கேட்டுட்டு உக்காந்திருந்தீங்களா?

ஆலோசகர்: நீங்களே வாய் தவறிச் சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். சொல்ற மாதிரி தெரியலை. தினமும் டீ நேரத்துலதான் ஈரம் ஏறுது, அதான் பாதி டீயை மிச்சம் வச்சேன். அப்பவும் "மண்ணுக்கு டீ நேரம்"ங்கிறீங்க.

மனைவி: இவரா? இவர் வாய் தவறி உண்மை சொன்னதா சரித்திரமே இல்ல.

விவசாயி: சரி, இப்ப உண்மை வந்தாச்சு. அதை எழுதுங்க. வயல் இல்ல, தொட்டின்னு. தண்ணி பழையபடி வரட்டும். மேடையும் வேணாம், போட்டோவும் வேணாம்.

ஆலோசகர்: அங்கதான் சிக்கல். எழுதினேன்.

விவசாயி: எழுதிட்டீங்களா?

ஆலோசகர்: முந்தாநாள். என் வேலை போனாலும் போகட்டும்னு பெரிய இன்ஜினியர்கிட்ட நேர்ல போய், "சார், அது வயல் இல்ல, தொட்டி"ன்னேன். அதுக்கு அவரு, "தொட்டியில இருந்தாலும் செடி செடிதானேம்மா? வெயில் படாம, அரை டம்ளர் டீயில ஒரு செடி நூத்துக்கு நூறு பச்சையா இருக்குன்னா, வெயிலும் காத்தும் கிடைக்கிற பயிர் சும்மா இருக்குமா? அப்ப இன்னும் குறைக்கலாமே"ன்னாரு.

விவசாயி: இன்னுமா!

ஆலோசகர்: கால்பங்குன்னாரு. கெஞ்சிக் கூத்தாடிப் பாதிக்குக் கொண்டு வந்திருக்கேன். நாளைக்கு அவரே அந்தச் செடியைப் பாக்க வர்றாரு.

விவசாயி: அப்ப இந்த நிமிஷமே செடியைப் பிடுங்கி எறிஞ்சுடறேன்!

ஆலோசகர்: எறிஞ்சா? பதினாலு மாசப் படம் அவர் கையில இருக்கு. முதல் வாரம் மட்டும்தான் பச்சை சட்டுனு இறங்குச்சு. இருபதுக்குப் போச்சு. அடுத்த நாளே நூறு. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு புள்ளி இறங்கலை. இப்படி ஒரு செடியை உலகத்துல யாருமே வளர்த்தது இல்லையாம்.

விவசாயி: புது இடம்... முதல் வாரம் வெட்கப்பட்டிருக்கும்...

மனைவி: இன்னும் விடலையா நீங்க?

விவசாயி: பழக்க தோஷம். மேடம், வேற வழியே இல்லையா? திங்கள்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு. சோளம் போச்சுன்னா நாற்பது பேரும் என் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க.

ஆலோசகர்: அந்தச் செடி எப்படி இவ்வளவு நல்லா இருக்குன்னு தெரிஞ்சாலாவது ஏதாவது சொல்லலாம்... நீங்க எப்பவாவது கிட்டப் போய்த் தொட்டுப் பாத்திருக்கீங்களா?

விவசாயி: எதுக்குத் தொடணும்? அதான் போன் ஆப்புல நூறுன்னு காட்டுதே. நீங்க?

ஆலோசகர்: நானும் திரையிலதான்...

மனைவி: படிச்சவங்க ஒருத்தர், பதினாலு மாசம் தொட்டி பக்கத்துல படுத்தவர் ஒருத்தர். ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை.

விவசாயி: உன்னை என்ன கேக்குறது? டீ ஊத்தினது நீ, அவ்வளவுதானே?

மனைவி: ஆமா, மிச்சத்தை ஊத்த ஒரு இடம் வேணும்ல. கொல்லை வரைக்கும் யாரு போறது... நாளைக்கு அந்த இன்ஜினியர் வரட்டும். வந்து அந்த இலையைக் கையால கிள்ளிப் பாக்கட்டும். ஆறு கம்பியை வேருல குத்தி வச்சீங்க, என் செடி அஞ்சாம் நாளே செத்துப் போச்சு. நீங்க இதுக்கு ஒரு நாள் மேடை ஏத்துவாங்கன்னு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தீங்க, சொல்ல மனசு வரலை. அன்னைக்கு சாயங்காலமே கடைக்குப் போய் வேற ஒண்ணு வாங்கிட்டு வந்து நட்டேன். அது பிளாஸ்டிக்.