ஓரத்து ஆள்

– இதுல நிக்கிறது நான்தானான்னு நீங்களே சொல்லுங்க பார்ப்போம். தலை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, கன்னம் வீங்கி, தோள்பட்டை அலமாரி அகலத்துக்கு இருக்கு. போட்டோக்காரர்னு பலகை மாட்டிக்கிட்டுப் பண்ற வேலையா இது?

– இங்க பாருங்கம்மா, முதல்ல உட்காருங்க. மத்தவங்க எல்லாரும் நல்லாத்தானே விழுந்திருக்காங்க?

– அதைத்தான் நானும் கேட்கிறேன். மாமனார் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்காரு. மாமியார் முகத்துல இல்லாத சாந்தமெல்லாம் வந்திருக்கு. என் ஓர்ப்படி, கொழுந்தன் பொண்டாட்டி, ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடாதவ, சினிமாக்காரி கணக்கா நிக்கிறா. மூத்த மருமக நான் மட்டும் பூசணிக்கா. நியாயமா இது?

– ஓரத்துல நின்னா அப்படித்தாம்மா. அகலமா பார்க்கிற லென்ஸ் அது. நடுவுல இருக்கிறவங்கள உள்ளபடி காட்டும், ஓரத்துல இருக்கிறவங்கள கொஞ்சம் இழுத்துடும்.

– அப்போ அதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? வேற நல்லது ஒண்ணும் இல்லையா?

– எதை எடுத்துட்டு வர்றது? உங்க மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆன புதுசு, ஃபிளாஷ் அடிக்கக் கூடாதுன்னுட்டீங்க. கூடத்துல ஒரே ஒரு ஜன்னல், அதுவும் மழை இருட்டு. நான் முதுகை பீரோவுல ஒட்டிக்கிட்டு நின்னேன், அதுக்கு மேல பின்னால போக இடமில்ல. அந்த இருட்டுல, அந்த இடைஞ்சல்ல, அத்தனை பேரையும் ஒரே படத்துல வாங்க நம்மாளை விட்டா ஆளில்ல.

– நம்மாளா? யாரு அது?

– இதோ, இந்த லென்ஸ்தான். கட்டைவிரல் உயரம்கூட இல்ல, வாயை எவ்வளவு பெருசா திறக்குது பாருங்க. மெழுகுவத்தி வெளிச்சம் போதும் இதுக்கு. முழுசா திறந்தா ஓரம் லேசா கரையும். அது ஒரு தனி அழகு. அதுக்காகவே ஒரு கூட்டம் இதைத் தேடி அலையுது.

– கரைஞ்சது என் மூஞ்சி. இவருக்கு அழகாம்.

– கோவிச்சுக்காதீங்க. ஓரத்தை மட்டும் வெட்டிட்டு வேற பிரிண்ட் போட்டுத் தர்றேன்.

– எதை வெட்டுவீங்க? என்னையா? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அந்த வீட்டு அடுப்பு என் கையாலதான் எரியுது. மாமனார் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடறதும் நான்தான். கூடத்துல மாட்டப்போற படத்துல நான் இருக்கக் கூடாதா? நாளைக்கு என் பேரப்பிள்ளைங்க பார்த்துட்டு, பாட்டி எங்கன்னு கேட்கவா?

– அப்போ இப்படியே மாட்டிடுங்க.

– மாட்டினா பாட்டிக்கு என்ன வியாதின்னு கேட்பாங்க. எங்க வீட்டுக்காரர் பாவம், படத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போச்சு. 'விடு, இதுக்காகப் போய்க் கேட்டுக்கிட்டு நிக்காதே'ன்னு மட்டும் சொன்னாரு. மனுஷனுக்கு அவ்வளவு வருத்தம். மறுபடி எடுங்க.

– எல்லாரும் மறுபடி ஒண்ணா நிக்கணுமே. உங்க கொழுந்தனார் ஊருக்குப் போயாச்சுன்னாங்க.

– அப்போ தெருத்தெருவா சொல்லுவேன். இவர் வச்சிருக்கிறது உதவாக்கரைக் கண்ணாடி, அதை நம்பி யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டுடாதீங்கன்னு.

– இங்க பாருங்கம்மா, என்னை என்ன வேணாலும் திட்டுங்க. லென்ஸை ஒரு வார்த்தை சொல்லாதீங்க. அது மேல எந்தத் தப்பும் இல்ல. கோட்டுக்குள்ள நின்ன ஒருத்தர் மூஞ்சியாவது கோணியிருக்கா? நீங்க நின்னது கோட்டுக்கு வெளிய.

– என்ன கோடு? எங்க கூடத்துல ஒரு கோடும் நான் பார்க்கலையே.

– தரையில இல்ல. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராம்மா இது, லென்ஸ் வழியா பார்க்க முடியாது. பக்கத்துல தனியா ஒரு சின்ன ஜன்னல். அதுல வெள்ளையா கோடு போட்டுச் சட்டம் மாதிரி தெரியும். அதுக்குள்ள இருக்கிறது படத்துல விழும். அந்தக் கோடு ரொம்பக் கிட்ட நிக்கிறவங்களுக்குப் போட்ட அளவு, நாலடி தள்ளினாலே கோட்டைத் தாண்டியும் கொஞ்சம் விழுந்துடும். அந்தக் கொஞ்சத்துலதான் நீங்க வந்து மாட்டிக்கிட்டீங்க.

– அப்போ நான் வெளிய நிக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கண்ணால பார்த்துக்கிட்டே எடுத்திருக்கீங்க.

– இல்ல, அது வந்து...

– நான் மாமனார் நாற்காலிக்குப் பின்னாடிதானே நின்னேன்? 'இந்தக் கடைசிக்கு வாங்கம்மா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு நகர்த்தினது நீங்க. எதுக்கு நகர்த்தினீங்க, சொல்லுங்க பார்ப்போம்.

– விடுங்கம்மா. உங்களைத் தனியா உட்கார வச்சு அருமையா ஒரு படம் எடுத்துத் தர்றேன்.

– பேச்சை மாத்தாதீங்க. யாரு சொல்லிக் கொடுத்தது? மாமியார்தானே? இப்பவே போய் நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கிறேன்.

– ஐயோ, அந்தம்மா மேல பழி போடாதீங்க. 'மூத்தவ ஏன் அங்க போய் நிக்கிறா, உள்ள வா'ன்னு கையை நீட்டினதே அவங்கதான். அதைக் கேட்டுத்தான் நீங்க அரை அடி உள்ள வந்தீங்க. இல்லேன்னா இந்த அளவுக்குக்கூட விழுந்திருக்க மாட்டீங்க.

– அப்போ ஓர்ப்படியா?

– இல்லம்மா.

– கொழுந்தனா? வாயைத் திறங்க. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய் நான் யாரோட சண்டை போடணும்னு எனக்குத் தெரியணும்.

– நான் கேமராவை எடுத்து மாட்டிக்கிட்டிருந்தப்போ, வாசல் பக்கம் தனியா கூப்பிட்டுச் சொன்னாரும்மா, உங்க வீட்டுக்காரர். 'அவ நின்ன மாதிரியும் இருக்கணும், படத்துல விழவும் கூடாது'ன்னாரு.