மூன்று கணினிகளும் ஒரு கோணல் மூக்கும்

ஒரு கையில் மணியையும் மறு கையில் பொறுமையையும் பிடித்துக்கொண்டு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் தலைவர் அவர்களே! எனக்கு முன்னே முழங்கி, மேடையைச் சூடாக்கி, மைக்கையும் சூடாக்கி வைத்துவிட்டுப் போன மூன்று அணிப் பேச்சாளர்களே! தட்டச்சுப் பொறியில் தொடங்கித் தொடுதிரை வரைக்கும் பார்த்துவிட்டு, இன்னும் தளராமல் முன்வரிசையில் நிமிர்ந்திருக்கும் பெரியோர்களே! வீட்டில் எந்தச் சாவி எந்த அலமாரியில் எந்தத் துணிக்கு அடியில் இருக்கிறது என்பதை, எந்தத் தேடுபொறியின் தயவும் இல்லாமல் இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடும் தாய்மார்களே! வலப்பக்கம் விண்டோஸ், இடப்பக்கம் மேக், பின்வரிசை முழுக்க லினக்ஸ் என்று, யாரும் சொல்லாமலே பாகம் பிரித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் கணினிப் பயனர் சங்கத்துச் சொந்தங்களே! செயற்கை உறுப்புக் கூடத்தில் வண்ணம் தீட்டும் ஒருத்தியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

கோப்புகளைப் பேணுவதிலும் கையாளும் எளிமையிலும் சிறந்த மேசைக் கணினி எது? இதுதான் இன்றைய கேள்வி. மூன்று அணிகளும் பேசி முடித்தாயிற்று. நடுவில் நிற்கும் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள் என்று என்னை அழைத்துவிட்டார்கள். நான் தூரிகை பிடிப்பவள். மவுஸ் பிடித்தால் என் கைக்குக் கூச்சம் வரும். ஆனாலும் இந்த மூவரோடும் ஒரே கூரையின் கீழ்க் குடித்தனம் நடத்துகிறேன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

விண்டோஸ் என்பவர் யார்? பெரிய குடும்பத்துப் பெரியப்பா. சி என்று ஓர் அறை, டி என்று ஓர் அறை, வந்தவர் போனவர் எல்லாருக்கும் இடம் உண்டு. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் வந்து நின்றால், "வாங்கப்பா, ரெண்டு பேரும் உள்ளே போய் ஒண்ணா இருங்க" என்று சேர்த்து வைத்துவிடுவார். ஆனால் யாரோ திறந்து வைத்திருக்கும் ஃபைலை அழிக்கப் போனால், "உள்ளே ஆள் இருக்கு, முடியாது" என்று வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். வலப்பக்கத்தில் சிரிக்கிறீர்கள், நீங்களும் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தானே?

மேக் என்பவர் சித்தி. துடைத்து வைத்த அடுப்படி, மடித்து வைத்த புடவை. தேடியது கிடைக்கும், தேடாததும் அழகாக இருக்கும். ஆனால் சித்தி வீட்டுக்கென்று ஒரு சட்டம். பெரியப்பா வீட்டில் ஃபைலின் மேல் நின்று என்டர் தட்டினால் கதவு திறக்கும். சித்தி வீட்டில் தட்டுங்கள், "புதுசா என்ன பேர் வைக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். இடப்பக்கத்து அணியினர் கை தட்ட வேண்டாம், உங்களைப் பற்றி இன்னும் இருக்கிறது.

லினக்ஸ் என்பவர் தாய்மாமன். "நீ யாரு, இதைத் தொட உனக்கு உரிமை இருக்கா?" என்று ஆரம்பத்திலேயே கேட்பார். உரிமை உண்டென்று தெரிந்துவிட்டால் பிறகு வாயே திறக்கமாட்டார். அழி என்றால் அழிப்பார். ஐயையோ என்றால், "நீதானே சொன்னே?" என்பார்.

எங்கள் கூடத்தில் மூன்றும் உண்டு. நாங்கள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. வேலை அப்படி அமைந்துவிட்டது. வாசல் அறையில் முகத்தையும் கையையும் படம் பிடிக்கும் ஸ்கேனர். அது விண்டோஸோடு மட்டுமே பேசும். அதை ஆள்பவர் எங்கள் ஸ்கேனர் அக்கா. நடு அறையில் மேக். அங்கே உட்கார்ந்து திரையிலேயே காதும் மூக்கும் விரலும் செதுக்குகிற பெண்ணுக்குச் சிற்பி என்றே பெயர். கடைசி அறையில் அச்சு வெட்டும் இயந்திரம், அதற்கு லினக்ஸ். அதை நடத்துகிறவர் மவுஸைத் தொடாமல் கட்டளை தட்டித் தட்டியே காரியம் முடிப்பார். ஆகையால் அவருக்கு நாங்கள் சூட்டிய பட்டம், ஆணையர். அச்சு வெட்டி, சிலிக்கோன் ரப்பர் வார்த்து, கடைசியாக என் மேசைக்கு வந்தால் நான் தோலின் நிறம் தீட்டுவேன்.

ஒற்றுமையாக இருந்தார்களா? எலியும் பூனையுமாக இருந்தார்கள். எந்த நோய்க்கும் ஸ்கேனர் அக்காவிடம் ஒரே மருந்து, ரீஸ்டார்ட். சிற்பியோ மேக்கை அணைப்பதே இல்லை. பாதி செதுக்கிய வேலையைத் திறந்தபடியே விட்டுத் திரையை மட்டும் இருட்டாக்கிவிட்டுப் போவாள். அதற்கு ஓய்வே கிடையாதா என்று அக்கா திட்டுவார். தன் இயந்திரம் வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை என்று ஆணையர், பெற்ற பிள்ளை பள்ளியில் முதலாவதாக வந்ததைச் சொல்வதுபோல் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்தக் கூடத்துக்குத்தான் ஒரு திங்கட்கிழமை ஒரு பேருந்து நடத்துனர் வந்தார். பெண். மூக்கில் புற்று. புதன்கிழமை அறுவை சிகிச்சை, மூக்கை முழுவதுமாக எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் அளவெடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் அனுப்பியிருந்தார். சிற்பி தன் தொழில் வழக்கப்படி, திரையில் நாலைந்து எடுப்பான மூக்குகளைக் காட்டி, இதில் எது பிடிக்கிறது என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் பார்த்தார்.

"நல்லாத்தான்மா இருக்கு எல்லாம். ஆனா அதெல்லாம் யாரோட மூக்கோ. என்னுது இடது பக்கம் கொஞ்சம் கோணல். எங்க அப்பாவுக்கும் அப்படித்தான். எனக்கு அந்தக் கோணலோடவே வேணும்" என்றார்.

பெரியோர்களே, தாய்மார்களே, அழகைக் கேட்டு வருபவர்களுக்கு அழகு செய்து தந்திருக்கிறோம். தன்னைத் தனக்கே திருப்பிக் கேட்டவரை அன்றுதான் பார்த்தேன். அக்கா ஸ்கேன் எடுத்தார், மேக்குக்கு அனுப்பினார். அனுப்பியதும் தன் கணினியில் இடம் வேண்டுமென்று அங்கிருந்ததை நீக்கிவிட்டார், அது வழக்கம். சிற்பி அதைத் திறந்து, கோணலைத் தொடாமல் ஓரங்களைச் சீர்செய்யத் தொடங்கினாள். மறுநாள் தங்கைக்குப் பிரசவ வலி என்று தகவல் வர, அப்படியே கிளம்பிவிட்டாள். புதன்கிழமை அறுவை சிகிச்சை முடிந்தது. அசல் மூக்கு இனி இல்லை. அதன் சாயல், இந்த உலகத்திலேயே ஒரே ஒரு ஃபோல்டரில் இருந்தது.

வியாழக்கிழமை, எனக்காகத் திங்களன்றே எடுத்திருந்த தோல் நிறப் படங்களை அக்கா பென் டிரைவில் கொண்டுவந்தார். ஓர் ஆளுக்கு ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஒரு ஃபோல்டர் என்பது எங்கள் சட்டம். ஆகவே படங்கள் இருந்த ஃபோல்டருக்கும் அதே எண். சிற்பி இல்லாததால் தானே மேக்கின் முன்னால் உட்கார்ந்து அதை உள்ளே போட்டார். இதே பெயரில் ஒன்று இருக்கிறதே, மாற்றிவிடவா என்று மேக் கேட்டது. பெரியப்பா வீட்டில் வளர்ந்த விரலல்லவா? அங்கே மாற்று என்றால், ஒத்த பெயருடைய ஃபைல்கள் மட்டும் மாறும், மற்றவை பழையபடி இருக்கும். நம்பிக்கையோடு தட்டினார். சித்தி வீட்டிலோ மாற்று என்றால் மாற்றுத்தான். பழைய ஃபோல்டர் மொத்தமும் போய், புதியது வந்து உட்கார்ந்தது. உள்ளே என் நிறப் படங்கள் இருந்தன. மூக்கு இல்லை.

குப்பைத்தொட்டியைத் திறந்தோம். அங்கும் இல்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, காப்பு நகல் எடுக்கவில்லையா என்கிறார். எடுப்போம் ஐயா, சனிக்கிழமைதோறும். ஆபத்து சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. நீங்கள் உட்காரலாம், கேள்வி நியாயமானதுதான்.

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். எத்தனையோ பேரின் முகத்தை மீட்டுக் கொடுத்தவர், தன் முகத்தில் ஈயாடாமல் நின்றார். மருத்துவமனையில் கட்டோடு படுத்திருக்கும் அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? யாரோ ஒருவரின் எடுப்பான மூக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்றா? தனக்குத் தெரிந்த ஒரே மருந்துக்குப் போனார் அக்கா. ரீஸ்டார்ட். மவுஸின் அம்பு திரையில் அந்தச் சொல்லின் மேல் போய் நின்றது. தட்ட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது கடைசி அறையிலிருந்து வந்த ஆணையர், "அக்கா, கையை எடுங்க. அதை அணைக்கக் கூடாது" என்றார்.

"இத்தனை வருஷம் இதைத்தானே பண்றேன்? என்னை நம்பலையா நீ?"

"உங்களை நம்பாம இல்லை. அந்தப் பொண்ணு எதையும் மூடாமப் போயிருக்கு. படிச்சு வச்ச மூக்கு இன்னும் மெஷின் நினைவுல இருக்கும். செய்முறை எழுதின தாள் கிழிஞ்சா என்ன, சமைச்சது பாத்திரத்துல இருக்கே. அணைச்சா பாத்திரமும் கவுந்துடும்."

நண்பர்களே, பெருமைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாரே, ரீஸ்டார்ட் செய்ததே இல்லை என்று? அந்தப் பெருமைக்குள் ஒரு பாடம் இருந்தது அன்றுதான் தெரிந்தது. சரி, அடுத்து என்ன செய்வது? ஆணையருக்கு மேக் தெரியாது. மவுஸைப் பிடிக்கவே யோசித்தார். சிற்பிக்குப் போன் போட்டோம். பிரசவ அறைக்கு வெளியே நின்றபடி அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கீழே ஐகான் வரிசை இருக்குல்ல அக்கா? செதுக்குற ஐகானுக்கு அடியில ஒரு புள்ளி தெரியுதா பாருங்க. புள்ளி இருந்தா உயிர் இருக்கு."

நாங்கள் குனிந்தோம். புள்ளி இருந்தது. சுருக்கி வைத்திருந்த ஜன்னலைத் திறந்தோம். திரை நிறைய எழுந்து வந்தது, இடப்பக்கம் சற்றே கோணிய, அப்பனிடம் மகள் வாங்கிய அந்த மூக்கு. ஆணையர் நகர்ந்து நின்று, அதைச் சேமிப்பது நீங்களாகவே இருக்கட்டும் அக்கா என்றார். அக்கா உட்கார்ந்தார். புதுப் பெயர் கொடுத்தார், புது ஃபோல்டர் கொடுத்தார், ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத் தட்டினார். பிறகு பென் டிரைவில் ஏற்றித் தன் விண்டோஸிலும் ஆணையரின் லினக்ஸிலும் ஒவ்வொரு நகல் வைத்துவிட்டுத்தான் அழுதார்.

இப்போது தீர்ப்புக்கு வருகிறேன். மணி அடிக்காதீர்கள் தலைவரே, முடிக்கப் போகிறேன். எது சிறந்தது? எல்லாரும் ஏசுகிற பெரியப்பாவின் பிடிவாதம், 'உள்ளே ஆள் இருக்கு' என்று அந்த அழிவையே தடுத்திருக்கவும் கூடும். அணைக்காதே என்ற அறிவு தாய்மாமன் வீட்டிலிருந்து வந்தது. உயிர் இருக்கும் இடத்தைச் சித்தி வீட்டுப் புள்ளி காட்டியது. எந்தக் கணினிக்கு மாலை போடுவது? கணினிக்குப் போட மாட்டேன். அண்டை அறையின் வழக்கத்தை அறிந்துகொள்ள வெட்கப்படாத என் தோழர்களுக்குப் போடுவேன். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் கூடத்தில் இப்போது மூவரும் நாற்காலி மாறி உட்காருகிறார்கள். ஆணையர் மவுஸ் பிடிக்கிறார். அக்கா கட்டளை தட்டுகிறார். சிற்பி ஸ்கேனரில் உட்கார்ந்து, அனுப்பியதைச் சரிபார்த்த பிறகே மூலத்தை நீக்குகிறாள். இன்னும் சண்டை போடுகிறார்கள், ஆனால் அடுத்தவர் கணினியை எடுத்துக்காட்டிச் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே நிறம் தீட்டுவதில் எனக்கு இருக்கும் பெருமை, எந்தப் பட்டத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

காயம் ஆறியதும் அந்த நடத்துனர் வந்தார். நாங்கள் செய்ததைப் பொருத்தினோம். கண்ணாடி கேட்டார். முகத்தை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். "கோணல் சரியா இருக்கு" என்றார். அவ்வளவுதான். மறு வாரமே வேலைக்குப் போய்விட்டார்.

இந்தக் கதையை மேடையில் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டேன். தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் கை நீட்டி என்னைக் காட்டாதீர்கள் என்றார். ஆம், அவர் இந்த அவையில்தான் இருக்கிறார். கூட்டம் தொடங்கியதிலிருந்து உங்களில் ஒருவர் பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்திருக்கிறார், உங்களோடு சிரித்தார், உங்களோடு கை தட்டினார். அடடா, பாருங்கள், ஒவ்வொருவரும் பக்கத்து முகத்தைப் பார்க்கிறீர்கள். நன்றாகப் பாருங்கள், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் பாருங்கள், இடப்பக்கம் பாருங்கள், பின்வரிசையிலும் தேடுங்கள்.

கண்டுபிடிக்க முடியவில்லை அல்லவா? எங்கள் கூடத்துக்கு இந்த ஊர் தரக்கூடிய பரிசு இதைவிடப் பெரிதாக வேறு ஏதும் இல்லை. இதைக் கொடுத்த அவைக்கும், இடம் கொடுத்த தலைவருக்கும், சண்டை கொடுத்த மூன்று அணிக்கும் நன்றி கூறி, கடைசியாக, தன் முகத்தோடு இங்கே வந்திருக்கும் அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லி அமர்கிறேன்.