மூன்று படங்கள், ஒரு சரியான விடை

பாடத்தின் எல்லாப் பக்கங்களிலும் ‘அடுத்து’ என்ற பட்டனை ஒரே இடத்தில் வைப்பது நல்லது மிஸ். வலப்பக்கம், கீழ் மூலையில். கணினியைப் புதிதாகத் தொடுகிறவர்களுக்குக் கை ஓரிடத்துக்குப் பழகிவிடும். ஒரு பக்கத்தில் அதை இடம் மாற்றி வைத்தால், பிழை தங்களுடையது என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். மீனம்மாவின் மரணத்தை விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு இதெல்லாம் தேவையில்லாத பேச்சாகத் தோன்றலாம். ஆனால் பாடம் எப்படித் தயாரானது என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல நான் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்தவன். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து ஹட்டனுக்கு வந்தேன். பிரதான வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே ஷிஹாம் நடத்தும் கணினி நிலையத்தில் படிப்பிக்கத் தொடங்கினேன். இரண்டாயிரத்து ஏழில் ஒரு தேயிலைக் கம்பனி ஷிஹாமிடம் வந்தது. தொழிற்சாலையில் மெஷின்களோடு வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் வேண்டும், அவர்களே கணினியில் தொட்டுப் படிப்பதாக இருக்க வேண்டும் என்றார்கள். அதற்கான மென்பொருளை ஷிஹாம் கொழும்பிலிருந்து வாங்கி வந்தார். எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். ஒலி முடியும்வரை ‘அடுத்து’ பட்டனைப் பூட்டி வைக்கலாம். விடை பிழையானால் முன்பக்கத்துக்குத் திருப்பி அனுப்பலாம். படத்தின் எந்த இடத்தைத் தொட்டாலும் பேச வைக்கலாம். இந்த மலையில் அப்போது அதெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

முதலில் செய்த பாடத்தை அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனோம். என் குரலில், நல்ல தமிழில் இருந்தது. ‘இயந்திரத்தில் சிக்குண்ட கொழுந்தினை அகற்றுமுன் மின்னிணைப்பைத் துண்டிக்குக.’ பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். மவுசை ஒருவரும் தொடவில்லை. முடிந்ததும் ஒருத்தி, “படம் எப்ப சார் போடுவீங்க?” என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நிலையத்தில் தட்டச்சு வேலைக்கு வந்திருந்த சண்முகவடிவும் அன்று கூட வந்திருந்தாள். அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்தவள். திரும்பி வரும் வழியில், பஸ்ஸில், என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“சார், கோவிச்சுக்காதீங்க. சிக்குண்டன்னா எங்க ஆளுகளுக்கு வெளங்காது. கொழுந்து அடச்சிக்கிச்சுன்னு சொன்னா உடனே வெளங்கும். அப்பறம் தப்பா அமுத்துனா சங்கு ஊதுற மாதிரி ஒரு சத்தம் வருதுல்ல, அது வேணாம் சார். காலையில வேல பிரிக்கிற பெரட்டுல நிக்க வச்சு ஏசுற மாதிரி இருக்கு.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வசனங்களை அவளையே எழுதச் சொன்னேன், அவள் குரலிலேயே பதிவு செய்தேன். எழுத்தில் இருந்த விடைகளைப் படங்களாக மாற்றலாம் என்றாள். மாற்றினேன். விடை பிழையானால் சத்தத்துக்குப் பதிலாக, “பரவாயில்லங்க, இன்னொரு தடவ பாப்போம்” என்று அவள் குரல் வரும். சரியானால், “அப்பிடித்தாங்க, சரியாச் செஞ்சீங்க” என்று வரும். கேள்விகளை அடுக்கும் முறையையும் அவளுக்கு நானே கற்றுக்கொடுத்தேன். கெட்டிக்காரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

பாடம் நன்றாக ஓடியது. பெண்கள் வரிசையில் நின்று படித்தார்கள். அக்கரப்பத்தனை கடைவீதியில் அவளைக் கண்டால் “வடிவு டீச்சர்” என்று கூப்பிட்டார்கள். கம்பனியின் பயிற்சி அதிகாரி அவளுக்குக் கைகொடுத்தார். என்னைப் பார்த்து, கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ, தேநீர் இருக்கிறது குடித்துவிட்டுப் போங்கள் என்றார். ஒருநாள் ஷிஹாம் என்னைக் கூப்பிட்டார்.

“சேர், கோவிச்சுக்கொள்ள வாணாம். அடுத்த பாடத்துக்கு அந்தப் புள்ளயப் பொறுப்பாப் போடுவம். கம்பனியில அவளத்தான் கேக்கிறாங்க. நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கொள்ளுங்க.”

நல்லது என்றேன். இருபது வருடம் படிப்பித்தவன் நான். பொறாமைப்படுவது என் பழக்கமல்ல. ஒழுங்கு கெடக்கூடாது என்பது மட்டும்தான் என் கவலை. பிழையில்லாமல் செய்ய முடியும் என்று காட்டாமல் ஒருவருக்குப் பொறுப்புக் கொடுப்பது அவருக்கே நல்லதல்ல. அவளுடைய வேலையில் ஒரு பிழை வெளியே தெரிந்தால், கொஞ்சக் காலம் தட்டச்சுக்குத் திரும்பிப் போவாள், நிதானம் வரும் என்று நினைத்தேன்.

ஓடிக்கொண்டிருந்த பாடத்தை எல்லாத் தோட்டங்களுக்கும் அனுப்பக் கடைசிப் பிரதி தயாராகிக்கொண்டிருந்தது. அதில் கொழுந்து நசுக்கும் மெஷினைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. அந்த மெஷினின் சுவிட்சை நிறுத்தினாலும் உள்ளே இரும்பு உருளைகள் சற்று நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கொழுந்து அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. மூன்று படங்கள். சுவிட்சை நிறுத்தி, உருளை முழுதாக நிற்கும்வரை காத்திருந்து எடுப்பது ஒன்று. சுவிட்சை நிறுத்தியதும் உடனே கையை விட்டு எடுப்பது ஒன்று. ஓடும்போதே குச்சியால் குத்துவது ஒன்று. மென்பொருளில் சரியான விடைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அடையாளம் போட வேண்டும். அதை முதல் படத்திலிருந்து எடுத்து இரண்டாவது படத்தில் போட்டேன். குரல்கள் தாமாகவே அதன்படி மாறிக்கொள்ளும். இது அந்த மென்பொருளின் நல்ல வசதிகளில் ஒன்று.

கம்பனி அதிகாரி அந்தப் பிரதியைப் பார்த்துத்தான் ஒப்புதல் தருவார். அவர் கண்டுபிடிப்பார், அவளைக் கேட்பார், அத்தோடு முடியும். அதுதான் என் எண்ணம். அவர் பார்க்கவில்லை. முன்னமே பார்த்ததுதானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்கு நான் பொறுப்பல்ல. குறுந்தட்டுகள் தோட்டங்களுக்குப் போயின.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

மீனம்மாவை நான் ஒரே ஒரு தடவைதான் சந்தித்தேன். மலையில் கொழுந்து பறித்தவர். முழங்கால் வலியென்று தொழிற்சாலைக்கு மாற்றியிருந்தார்கள். மெஷினைப் பற்றி அந்தப் பாடத்தைத் தவிர வேறு எதுவும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று கணினிகளைப் பார்த்துக்கொள்ள நான் போயிருந்தேன். அவர் மவுசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யோசித்து, முதல் படத்தைத் தொட்டார். முழுதாக நிற்கும்வரை காத்திருக்கும் படம். “பரவாயில்லங்க, இன்னொரு தடவ பாப்போம்” என்றது வடிவின் குரல். திரும்பவும் அதையே தொட்டார். திரும்பவும் அதே குரல். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏங்க சார், அது சுத்திக்கிட்டு இருக்கயில கைய வக்கலாமுங்களா?”

அறையில் வேறு பெண்களும் இருந்தார்கள். வடிவு கதவருகே யாருக்கோ மவுசைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

“பாடம் சொல்லுறதைச் செய்யுங்கோ” என்றேன்.

இரண்டாவது படத்தைத் தொட்டார். “அப்பிடித்தாங்க, சரியாச் செஞ்சீங்க.” அவருக்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்தவளிடம், “நம்ம வடிவு புள்ள எவ்வளவு தன்மையாச் சொல்லுது பாரு” என்றார்.

அடுத்த மாதம் மழை நாளில் மெஷினில் கொழுந்து அடைத்தது. மீனம்மா சுவிட்சை நிறுத்தினார், உடனே கையை விட்டார். பாடம் சொன்னபடி. வலது கை முழங்கைவரை போயிற்று. நுவரெலியாவுக்குக் கொண்டுபோகும் வழியில், லொறியிலேயே உயிர் போய்விட்டது.

செய்தி வந்த அன்று வடிவு நிலையத்தில் பாடத்தைத் திறந்து அந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் மேசைக்கு வந்தாள்.

“சார், நாந்தான் மாத்திப் போட்டுட்டேனா? எனக்கு ஞாபகமே இல்ல சார். நெனச்சு நெனச்சுப் பாக்குறேன்.”

“களைப்பில இப்பிடி நடக்கும் பிள்ளை” என்றேன். “நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த அளவுக்கு இரக்கம் எனக்கு உண்டு.

யாரும் கேட்காமலே மீனம்மாவின் வீட்டுக்குப் போய், அவர் கணவர் கந்தப்பனிடம் தன் பிழைதான் என்று சொல்லியிருக்கிறாள். அவர் ஏசவில்லையாம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். அதற்குப் பிறகு லயத்தில் அவளோடு யாரும் பேசவில்லை. தண்ணீர்க் குழாயடிக்கு அவள் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். இப்போது குவைத்தில் யாரோ வீட்டில் வேலை செய்கிறாள் என்று கேள்வி. நான் அந்த அடையாளத்தை முதல் படத்துக்கே திருப்பிப் போட்டுவிட்டேன். பாடம் இன்னும் ஓடுகிறது. அவள் குரல்தான்.

இவ்வளவு காலம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். உங்கள் அறிக்கையின் முதல் வரைவை நேற்று ஷிஹாம் எனக்குக் காட்டினார். போதிய பயிற்சி இல்லாத சண்முகவடிவு என்பவர் குறைபாடுகளோடு தயாரித்த பாடம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பந்தி முழுவதும் அவள் பெயர். உதவியாளர் என்று ஓரிடத்தில் நான்.

அது குறைபாடுள்ள பாடம் இல்லை மிஸ். ஒரு பட்டன் பிசகவில்லை. ஒரு ஒலி பிந்தவில்லை. சரியான விடை தெரிந்து வந்த ஒரு பெண்ணை, அதை விட்டுவிட்டு நான் போட்ட விடையை நம்ப வைத்தது. அதற்கு மேல் ஒரு பாடம் என்ன செய்ய வேண்டும்? தட்டச்சுக்கு வந்த பிள்ளையால் அது முடியுமா?

அந்த அடையாளத்தை மாற்றியவன் நான். கேட்ட பெண்ணுக்கு அப்படியே செய் என்று சொன்னவனும் நான். எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் அதை எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பாடத்தைத் தயாரித்தவர் என்று வரும் இடத்தில் அவள் பெயரை எடுத்துவிடுங்கள். க. செல்வரத்தினம் என்று, முதலெழுத்தோடு.