மீன் தொட்டியில் தேள்

"தேளுக்கு வீடு ரெடிக்கா!"

மலேசியாவில், கிள்ளான் நகர பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். சொன்னவள் இளையவள். மற்றவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"தேளா? வளக்கவா?"

"ஆமாக்கா! பழைய மீன் தொட்டியில ஈரமண்ணு கொட்டி, தேங்கா ஓட்டக் கவுத்து வச்சேன். உடனே உள்ள போயி உக்காந்துக்கிச்சு. கறுகறுன்னு அவ்ளோ அழகு லா!"

"வெளிய வந்துட்டா?"

"மேல கம்பிவலை போட்டு, கல்லு வச்சிருக்கேன்."

"ஒன் வீட்டுக்காரரு ஒன்னும் சொல்லலையா?"

"தொட்டிய என் கட்டிலுக்குப் பக்கத்துலதான் வச்சிருக்கேன். இப்பல்லாம் குடிச்சிட்டு வந்தா ஹால்லயே படுத்துக்கிறாரு."

தம் நிறுத்தம் வந்ததும் மணியை அழுத்தி எழுந்த அக்கா, அவள் காதருகே குனிந்தார்.

"குட்டி போட்டா எனக்கு ஒன்னு எடுத்து வை."