முங்கோ பிட்கேர்னும் பதினெட்டாம் குழியும்

மேடையில் அமர்ந்திருக்கும் திருமதி கிரிசெல் பிட்கேர்ன் அவர்களே, தொழில்முறை வீரர்கள் ஒன்றியத்தின் பிரதிநிதி அவர்களே, வெள்ளிக்குடுவையை வென்ற சாம்பியன்களே, இன்வர்கார்ன் கோல்ஃப் சங்கத்தின் உறுப்பினர்களே, கடையடைத்துவிட்டு வந்திருக்கும் ஊர்ப் பெருமக்களே!

சங்கத்தின் துணைத்தலைவன் என்ற முறையில், முதலில் ஒரு வரலாற்று முடிவை இந்த அவைக்கு அறிவிக்க வேண்டியது என் கடமை. நம் தலைவர் முங்கோ பிட்கேர்ன் மறைந்த அன்றே செயற்குழு அவசரமாகக் கூடியது. பதினெட்டாம் குழியின் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்குவதா என்பதே பொருள். மதிய உணவை ஒத்திவைத்து விவாதித்தோம். கொடியைத் தாழ்த்தினால் தூரத்திலிருந்து அடிப்பவர் குழியின் இடத்தைத் தவறாகக் கணிப்பார். அது ஆட்டத்துக்கு இழைக்கும் அநீதி. தாழ்த்தாவிட்டால் அது தலைவருக்கு இழைக்கும் அநீதி. முடிவில், கொடி முழு உயரத்தில்தான் பறக்கும், ஆனால் அதன் சிவப்பு சற்றே அடர்த்தியாக்கப்படும் என ஒருமனதாகத் தீர்மானித்தோம். நம் கொடி நிறம் மாறுவது இதுவே முதல் முறை. ஒரு மனிதருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரால் செய்ய முடியும்?

யார் இந்த முங்கோ பிட்கேர்ன்? தொழிலால் அவர் கப்பல் காப்பீட்டு மதிப்பீட்டாளர். பிறருடைய உடைமைக்குக் கடலால் நேர்ந்த சேதத்தை வாழ்நாள் முழுவதும் துல்லியமாக மதிப்பிட்டவர். மாலையானால் அவர் வெள்ளிக்குடுவைப் போட்டியின் காவலர். உலகத்தின் பெரிய வீரர்களெல்லாம் ஜூலை மாதத்தில் நம் ஊரின் காற்றில் வந்து அவமானப்படுகிறார்களே, எதற்காக? பரிசுக்காகவா? பரிசு எங்கும் கிடைக்கும். இந்தப் போட்டி தொடங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட இடம் மாறியதில்லை என்பதற்காக!

அந்த வரலாற்றை முங்கோவைப்போலச் சொல்ல யாரால் முடியும்? முதல் போட்டியில் மட்டை செய்யும் தச்சர்களும் பந்து தைப்பவர்களும் ஆடினார்கள். அன்று முதல் குழி இருந்த இடத்தில் இன்று நண்டுக் கூடைகள் இறக்குகிறார்கள். மூன்றாம் குழிக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயம் இருந்தது. அதன் மணி, கிழக்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் தண்ணீருக்கடியிலிருந்து கேட்கிறது என்று மீனவர்கள் சொல்வார்கள். அந்தக் குழிகளைக் கடல் எடுத்துக்கொண்டபோது நம் முன்னோர் பதறினார்களா? இல்லை! விதிப்புத்தகத்தைத் திறந்தார்கள். கடலை, பந்து விழுந்தால் ஓர் அடி தண்டனை தரும் அபராதப் பகுதி என்று அறிவித்தார்கள். விளிம்பில் சிவப்புக் குச்சிகளை நட்டார்கள். மீதமிருந்த குழிகளுக்குப் புது எண் கொடுத்து, குறைந்த எண்ணிக்கைக்கு நிலத்தின் பக்கம் புதிய குழிகளை வெட்டிக்கொண்டார்கள். பதினெட்டாம் குழியை மட்டும் யாரும் தொடவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் கடல் உள்ளே வந்த அளவுக்குக் குச்சிகளும் உள்ளே வருகின்றன. போட்டி மட்டும் நின்றதில்லை.

இந்த மன்றத்தின் கிழக்கு வாசல் படிகளை நீங்கள் அறிவீர்கள். வென்ற ஒவ்வொருவரும், படிகளுக்கு இடப்புறம் இருக்கும் பதினெட்டாம் குழியில் ஆட்டத்தை முடித்து, அந்தப் படிகளில் ஏறி, குடுவையில் ஒரு மடக்கு விஸ்கி குடித்து, வென்ற பந்தைக் கடலை நோக்கி எறிவது நம் வழக்கம். முதல் சாம்பியன் ஓடிவந்து எறிந்தும் பந்து பாதி மணலைத் தாண்டவில்லை. முங்கோவின் தந்தை காலத்தில் கையை நன்றாகச் சுழற்றி எறிந்தால் அலையைத் தொட்டது. சென்ற ஆண்டுச் சாம்பியன் குடுவையை இடக்கையில் பிடித்தபடியே வலக்கையால் மெல்லத் தூக்கிப் போட்டார். பந்து தண்ணீரில் விழுந்த சத்தம் நம் எல்லோருக்கும் கேட்டது. முங்கோ என் தோளில் தட்டி, "பாத்தியா ஃபின்லே, இந்தக் காலத்துப் பசங்க உடம்பை எப்படித் தேத்தி வச்சிருக்கானுங்க!" என்றார். எதிலும் முன்னேற்றத்தைக் காணும் கண் அவருடையது.

அவருக்கு எதிர்ப்பே இல்லையா? இருந்தது. அதுவும் அவர் வீட்டிலேயே இருந்தது. இதை மறைப்பது அவருக்கும் பெருமை ஆகாது, திருமதி பிட்கேர்னுக்கும் பெருமை ஆகாது. சென்ற இலையுதிர்காலப் பொதுக்குழுவில் அவர் மனைவி எழுந்து, பதினெட்டாம் குழியை மேற்கே பார்லி வயலுக்கு நகர்த்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

"ஜூலையில ஆயிரக்கணக்கா ஜனம் வந்து அந்த விளிம்புல நிக்கப்போவுது. மண்ணு தாங்காது" என்றார்.

"தாங்காதுன்னு மண்ணு உங்கிட்ட வந்து சொல்லிச்சா?" என்றார் முங்கோ.

"சொல்லிச்சே. போன வாரம் விளிம்புல கெடந்த பெஞ்சைத் தூக்கிட்டுப் போச்சு பாரு, அதான் அது சொல்ற விதம்."

"அது கடைசி பெஞ்சு. அதுல உக்காந்தா ஆட்டமே தெரியாது."

"முங்கோ, வெளையாடாத."

"அவைத்தலைவரேன்னு கூப்பிடணும்."

"சரிங்க அவைத்தலைவரே, வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்."

அவை சிரித்தது. வாக்கெடுப்பில் இரு பக்கமும் சமமாக வந்தது. தலைவரின் வாக்கு முடிவு செய்தது. குழி இருந்த இடத்திலேயே இருந்தது.

நண்பர்களே! இனி அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். ஆண்டின் முதல் ஆட்டத்தைத் தலைவர்தான் தொடங்கிவைப்பார். பதினெட்டாம் குழியருகே, சிவப்புக் குச்சிகளை ஒட்டி ஒரு பந்தைக் கீழே போட்டு, கடலுக்கு முதுகு காட்டி நின்று, குழியை நோக்கி அடிப்பார். அதோடு திடல் திறந்ததாகப் பொருள். குச்சியிலிருந்து இரண்டு மட்டை நீளம் உள்ளே தள்ளிப் போட விதி இடம் தருகிறது. முங்கோ ஒருபோதும் அந்தச் சலுகையை எடுத்ததில்லை. "ரெண்டு மட்டை வெளியூர்க்காரனுக்கு" என்பார்.

அன்று அங்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. திருமதி பிட்கேர்ன் வீட்டில் துணி காயப்போடும் கயிறு. கவ்விகள்கூட இன்னும் அதில் இருந்தன.

"இது என்ன?"

"கயிறு."

"விதிப்புத்தகத்துல கயிறுன்னு ஒண்ணு இல்லையே."

"கடல் விதிப்புத்தகம் படிக்கிறதில்ல முங்கோ. இந்தப் பக்கம் வா."

"அடிச்சிட்டு வந்துடறேன். டீயைப் போடச் சொல்லு."

கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் போனார். பந்தைப் போட்டார். அடித்தார். எப்பேர்ப்பட்ட அடி! அறுபது ஆண்டு ஆடிய கை! பந்து தாழ்வாகப் பறந்து, புல்லில் இறங்கி, மெதுவாக உருண்டு, குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கோல்ஃப் அறிந்த கூட்டம் எதைப் பார்க்கும்? பந்தைத்தானே பார்க்கும்! நாமும் பந்தைத்தான் பார்த்தோம். நின்றதும் கைதட்டினோம். பாராட்டத் திரும்பியபோது தலைவர் அங்கே இல்லை. அவர் நின்ற இடமும் இல்லை.

திருமதி பிட்கேர்ன் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் நண்டுப் படகொன்று அவரைக் கரை சேர்த்தது. மட்டையைக் கடல் தரவில்லை. அந்தப் பந்து இன்றும் நின்ற இடத்திலேயே இருக்கிறது. ஆடியவர் ஆட்டத்தைக் கைவிட்டதாக அறிவிக்காததால், அதை யாரும் தொடக் கூடாது என்று விதிக்குழு கருதுகிறது. புல் வெட்டும்போது அதைச் சுற்றி வெட்டுகிறார்கள்.

நேற்று கல்லறையில் திருமதி பிட்கேர்ன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபின்லே, அந்த ஓட்டு இப்ப உங்கிட்டதான் இருக்கு. மாத்திடுப்பா. ஜூலைக்கு இன்னும் நாள் இருக்கு."

"கிரிசெல், முங்கோ இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு, நீங்களே யோசிங்க" என்றேன்.

"இருந்திருந்தா. அதத்தான்பா நானும் சொல்றேன்" என்றார்.

அவருடைய துயரத்தின் முன் தலை வணங்குகிறேன். ஆனால் அன்பர்களே, ஒரு மனிதர் எதற்காக உயிரைக் கொடுத்தாரோ, அதை அவர் மறைந்த மாதத்திலேயே விட்டுக்கொடுப்பதா? பார்லி வயலில் முடிந்த ஒரு போட்டியை உலகம் வெள்ளிக்குடுவை என்று அழைக்குமா? ஒன்றியத்தின் பிரதிநிதி அவர்கள் காலையிலிருந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். தலைவரின் வாக்கு இனி என்னுடையது. அதை இந்த மேடையிலேயே அளிக்கிறேன். ஜூலையில் வெள்ளிக்குடுவை இங்கேதான் நடக்கும்! பதினெட்டாம் குழியில்தான் முடியும்! குச்சிகளை வழக்கம்போல் உள்ளே நகர்த்துவோம். பார்வையாளர் மாடத்தை அதே விளிம்பில் எழுப்புவோம். அதில் முங்கோவின் பெயரால் ஒரு வரிசை கூடுதலாக இருக்கும். வென்றவர் கிழக்கு வாசலில் நின்று பந்தைக் கடலுக்குக் கொடுப்பார். முங்கோ, நீங்கள் நடத்தியதை நாங்கள் நடத்துவோம். நீங்கள் நின்ற இடத்தில் நாங்கள் நிற்போம்!

தேநீர் மாடியில் ஏற்பாடாகியிருக்கிறது. கலைந்து செல்பவர்கள் மேற்கு வாசலை மட்டுமே பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். கிழக்கு வாசலுக்கு இன்று காலை முதல் படிகள் இல்லை.