மூன்றாவது கப்டன்

வயதான ஆமைக்குக் கங்கோங் கீரை கொடுக்கும்போது தண்டை நீக்கிவிட வேண்டும். இலைதான் அதற்கு இதம். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், என்னைப் பொறுப்பில்லாதவன் என்று நீ நினைத்துவிடக் கூடாது, ஷாஹிரா. மற்றதையெல்லாம் இதோ இந்தத் தொட்டியில் கிடக்கும் கப்டனின் முதுகில் வலது கையை வைத்துச் சொல்கிறேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. டீயைக் குடி, ஆறுகிறது.

ஷா ஆலமிலிருந்து ஒரே மூச்சாகக் காரோட்டி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "பக்கிரி அங்கிள், எங்கம்மா எத்தனை தடவைதான் மக்காவுக்கு உம்ரா போயிருக்காங்க? ஆஸ்பத்திரியில என்னைக் கூப்பிட்டுக் கேக்குறாங்க" என்றாய். நியாயமான கேள்வி. மூன்று தடவை. மூன்று தடவையும் அனுப்பியவன் நான்தான். உன் அம்மா இந்த வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன்.

கப்டனைக் கொண்டுவந்தவர் உன் அத்தா முஸ்தஃபா. ஃபெரியில் யாரோ பிஸ்கட் டின்னோடு விட்டுப்போன ஆமை. அப்போது நீ பிறக்கவில்லை. அவர் மௌத்தாகி அடக்கமான பிறகு மாடியில் உன் அம்மா, கீழே குடியிருக்கும் நான், நடுவே கூரையில்லாத முற்றத்தில் கப்டன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் தொட்டி வேலை என்னுடையதானது. தினமும் தண்ணீர் மாற்றுவேன். காலை வெயிலில் ஒரு மணி நேரம் விடுவேன். பழைய பல் பிரஷால் ஓட்டிலிருக்கும் பாசியை எடுப்பேன். மழை நாளில் அது சாப்பிடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் பென்ஷன் வாங்கிய ஆள்மாதிரி கண்ணை மூடிக்கொள்ளும்.

நீ உன் அம்மாவை உன்னோடு வந்து இருக்கச் சொன்னாய். பதினான்காவது மாடி, லிஃப்ட், பேரப்பிள்ளைகள். அவள் சொன்ன பதில் கீழேயிருந்த எனக்கும் கேட்டது. "கப்டன் உள்ளவரைக்கும் எப்படிடி வருவேன்? அது கண்ணை மூடட்டும், மறுநாளே பெட்டியைக் கட்டுறேன்." அன்றிலிருந்து நீ போன் செய்தால் முதல் கேள்வி ஆமையின் உடல்நிலை பற்றித்தான். உன் அக்கறையை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொரோனாவுக்காக ஊரை அடைத்து வைத்திருந்தார்களே, அது தளர்ந்த வாரம் கப்டன் கண்ணை மூடியது. கருவேப்பிலைத் தொட்டியில் புதைத்தேன். போன ஹரி ராயா பெருநாளுக்கு நீ வந்தபோது மீன்குழம்பு மணக்கிறது என்றாயே, அந்தக் கருவேப்பிலைதான்.

உன் அம்மாவிடம் சொல்லத்தான் படியேறினேன். ஏழாவது படியில் நின்றுவிட்டேன். இந்தத் தெருவில் என்னைப் பொய்யன் என்று கூப்பிட மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். தண்ணீர்மலைக்குக் காவடி தூக்கிய வருஷம் ஒரு மயில் வந்து என் தோளில் உட்கார்ந்து, உச்சிவரைக்கும் இறங்கவேயில்லை என்று சொல்வேன். "பொய்யண்ணே, அன்னிக்கு உங்களுக்குக் கால் சுளுக்கு. தண்ணிப் பந்தல்ல உக்காந்து மோர் குடிச்சீங்க, எங்க வீட்டுக்காரரே பார்த்தாரு" என்பாள். மற்றவர்களிடம் அதே மயிலைச் சொன்னால், "ஆமா அங்கிள்" என்று போனைப் பார்க்கிறார்கள். எழுபத்தொன்பது வயதில் எனக்கு "ஆமா அங்கிள்" போதவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு சீனக் கோயிலில் ஆமைக்குளம் இருக்கிறது. ஆயுள் நீள வேண்டும் என்று ஜனங்கள் ஆமையைக் கொண்டுவந்து விட்டுப் போகும் குளம். எல்லோரும் கங்கோங் கட்டு வாங்கிப் போய் அவற்றுக்கு ஊட்டுவார்கள். நானும் ஒரு கூடை கங்கோங்கோடு போனேன். திரும்பும்போது கீரைக்கடியில் ஓர் ஆமை இருந்தது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மாள், "அண்ணே, உங்க கீரை நடக்குது லா" என்றாள். "ஃப்ரெஷ்" என்றேன்.

கப்டன் ஒரு தடவை படியிலிருந்து உருண்டதில் ஓட்டின் இடது ஓரம் உடைந்திருந்தது. உன் அம்மா தினம் ஒரு தடவை கைப்பிடியைப் பிடித்து இறங்கிவந்து, அந்த இடத்தைத் தடவிக்கொண்டுதான் அதோடு பேசுவாள். புது ஆமைக்கு அரத்தால் அதே இடத்தில் ராவினேன். அரைமணி நேரம் ஆயிற்று. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

நிறம் கொஞ்சம் வேறு. ஆனால் உன் அம்மாவுக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒரே ஒரு தடவைதான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். உன் அத்தா ஆண் என்று நம்பிப் பேர் வைத்த கப்டன், முட்டையிட்டது.

"பொய்யண்ணே, தொட்டியில முட்டைமாதிரி ஒண்ணு கையில தட்டுதே."

"பிங்பாங் பந்து லா. பக்கத்து வீட்டு லோகேஸ்வரன் அடிச்சது."

"நீட்டமா இருக்கு."

"தண்ணியில ஊறிப்போச்சு."

"ஓ" என்றாள்.

அந்தக் கப்டன் ஒரு பெருமழையில் சாக்கடை வழியாகப் பதவி விலகியது. மறுநாளே அதே குளம், அதே கூடை, அதே அரம். நான் சத்தியம் செய்வதற்காகக் கை வைத்திருப்பது மூன்றாமவர் மேல்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நீ புரை எடுக்க ஆஸ்பத்திரியில் பேர் பதிந்தாய். கண் தெளிந்தால் முதலில் ஆமையைத்தானே பார்ப்பாள்? அதனால் புக்கிட் தெங்காவில் நல்லம்மாள் என்று ஒருத்தி, கண் ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, கட்டிய புருஷனைத் திருடன் என்று போலீஸில் பிடித்துக் கொடுத்த கதையைச் சொன்னேன். அப்படி ஒருத்தி கிடையாது. உன் அம்மா, "அப்ப நமக்கு வேணாண்ணே" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோதெல்லாம் கீழே இருக்கும் போனை நான் எடுத்தேன். உம்ரா என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. நல்ல மனுஷர்கள், தங்களுக்கும் துஆ கேட்கச் சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள்.

ஆக, ஒரு பெண்ணை வருஷக்கணக்காகப் பார்வையில்லாமல் உட்காரவைத்து, பெற்ற மகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் போகவிடாமல், திருட்டு ஆமையைத் தடவ விட்டிருக்கிறேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தபோது உறுத்தவில்லை. இப்படி ஒரே மூச்சில் சொல்லும்போது நன்றாக இல்லைதான். மாலை நாலு மணிக்கு என்னைத் திட்ட ஆள் வேண்டும் என்பதற்காகச் செய்தேன். வேறு காரணம் இல்லை.

உன் அம்மாமேல் கோபப்படாதே. அவளுக்கு எதுவும் தெரியாது. இங்கேயே இருக்க வேண்டும் என்ற பிடிவாதமெல்லாம் அவளுக்கு இல்லை, எல்லாம் ஆமைக்காகத்தான். தண்டிக்க வேண்டுமென்றால் என்னைத் தண்டி.

சத்தியம் செய்துவிட்டதால் இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீ இன்று வரப்போவது எங்கள் யாருக்கும் தெரியாது. உன் கார் தெருமுனையில் திரும்பியபோதே, மாடி ஜன்னலில் நின்று அதன் நம்பரை ஓர் எழுத்து விடாமல் படித்து, "பொய்யண்ணே, மகள் வர்றா, கதையை ஆரம்பிங்க" என்று சொன்னது உன் அம்மாதான்.